காற்று சொன்ன சாட்சி

1979-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். சோவியத் நாட்டின் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரில் நலமாய் நடமாடியவர் பலர் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் கண்டு, சில நாட்களுக்குள் மாண்டனர். அவர்களைப் பீடித்தது ஆந்த்ராக்ஸ். நம் கால்நடைகளைத் தாக்கும் 'அடைப்பான்' என்னும் அதே கொடிய நோய்.

நோயுற்ற இறைச்சியை உண்டதால் வந்த வினை என்றது அரசு. அந்நகரில் அமைந்திருந்த இராணுவ ஆய்வுக்கூடத்திலிருந்து கிருமி கசிந்தது என்றது அமெரிக்கா. இரு வல்லரசுகளும் பகை பாராட்டிய காலம் அது. எவர் சொல்லை நம்புவது? அமெரிக்க அறிஞர் மாத்யூ மெசல்சனும், இறைச்சி விளக்கம் ஏற்கத்தக்கதே என்று அந்நாளில் கருதினார்.

ஆனால் உண்மை முற்றிலும் புதைந்துவிடவில்லை. மருத்துவமனை ஏடுகளை இரகசியக் காவலர் கைப்பற்றிச் சென்றபோதிலும், பிரேதப் பரிசோதனை செய்த ஃபைனா அப்ரமோவா, லெவ் கிரின்பெர்க் என்னும் மருத்துவர் இருவரும் இறந்தோரின் திசுக்களை மறைத்துக் காத்தனர். நெஞ்சறையின் நிணநீர்க் கணுக்கள் குருதி கசிந்து சிதைந்திருந்தமை, கிருமி மூச்சின் வழியே புகுந்ததென்பதை உணர்த்திற்று.

1992-இல் மெசல்சன் குழுவினர் அந்நகருக்கே சென்றனர். அவர்தம் துணைவியார், மானிடவியல் அறிஞர் ஜீன் கில்மின், இறந்தோர் இல்லங்களை நாடிச் சென்று, அவர்கள் எங்கே வாழ்ந்தனர், எங்கே பணியாற்றினர் எனக் கேட்டறிந்தார். அவ்விடங்களை வரைபடத்தில் குறித்தபோது, அவற்றுள் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத்திலிருந்து தெற்கு நோக்கி நீண்ட ஒரு குறுகிய பட்டையில் அடங்கின. 1979 ஏப்ரல் 2 அன்று காற்று வீசிய திசையும் அதுவே! அதே திசையில், 50 கிலோமீட்டர் தொலைவு வரையுள்ள சிற்றூர்களில் கால்நடைகளும் மடிந்திருந்தன. கண்டறியப்பட்ட 77 நோயாளருள் 66 பேர் மாண்டனர் என்றும், கிருமி இராணுவக் கூடத்திலிருந்தே வந்தது என்றும் 1994-இல் அக்குழு அறிவித்தது. தம் முந்தைய கருத்தை மெசல்சன் தாமே மாற்றிக்கொண்டார்.

2019-இல் சீனாவின் வூகான் நகரில் தோன்றிய கொரோனா விலங்கிலிருந்து வந்ததா, ஆய்வுக்கூடத்திலிருந்து வந்ததா என்னும் விவாதம் இன்னும் ஓயவில்லை. வேண்டிய தரவுகள் பல சீனாவிடமிருந்து கிடைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2025-இல் கூறிற்று. இந்நிலையில், சான்றின்றிப் பழி சுமத்துவதும் தவறு. வினவுவோரின் வாயை அடைப்பதும் தவறு. ஸ்வெர்த்லோவ்ஸ்கில் மாண்டோரின் குடும்பங்கள், தம் அன்பர் எதனால் இறந்தனர் என்றறியப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தன. அத்தகைய காத்திருப்பு இனி எக்குடும்பத்துக்கும் வேண்டாம்.