பழைய வண்டியைத் திருத்துவதா, மாற்றுவதா?

காலபோக அறுவடை முடிந்த நாட்களில் ஒரு மாலை, நானாட்டானிலிருந்து மன்னாருக்குத் திரும்பும் வழியில் எமது ஸ்கூட்டர் நின்றுவிட்டது. எஞ்சின் இரைந்தது, பின்சில்லு சுற்றவில்லை. பதினொரு வருடம் ஓடிய வண்டி. தள்ளிக்கொண்டு போய்க் கராஜில் விட்டபோது திருத்துநர் கேட்ட முதற் கேள்வி, "இதைத் திருத்தப் போறியளா, இல்லாட்டி மாத்தப் போறியளா?" என்பதுதான். எம்மால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

நகரத்தில் இருப்பவருக்கு இது வசதி பற்றிய கேள்வி. எமது வாசகர்களுக்கு அப்படியல்ல. 2007 இல் முள்ளிக்குளத்தை விட்டு வெளியேறி மலங்காட்டில் குடிசை போட்ட குடும்பங்களை நாம் அறிவோம். வேறு பலருக்கும் வீடு ஓரிடம், காணி இன்னோரிடம் என்றாகிவிட்டது. கட்டுக்கரைத் தண்ணீர் முறை இரவில் வந்தால் இரவில் வயலில் நிற்க வேண்டும். உர மூட்டையும் அதில்தான் போகிறது, காய்ச்சல்காரப் பிள்ளையும் அதில்தான் போகிறது. ஆகவே வண்டியும் மண்வெட்டியைப் போல ஒரு விவசாயக் கருவிதான்.

பழைய வண்டியைக் கைவிட எமக்கு மனம் வராததற்கு வேறு காரணமும் உண்டு. 1990 இற்குப் பின் பெருநிலப் பரப்பில் பெற்றோல் கிடையாத வருடங்களில், ஹொண்டா எம்.டி. 90 வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. யப்பானில் தபால்காரர் ஓட்டுவதற்கென்று செய்யப்பட்ட சிவப்பு வண்டி அது. மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. அதனால் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மிச்சம் ஒயிலுடன் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும், பிளக்கில் கரி படியும். அப்படியும் அந்த எஞ்சின்களைத் திருத்தித் திருத்தி ஓட்டினோம். 2009 இல் முள்ளிவாய்க்கால் கரையில் அவற்றை விட்டுவிட்டுக் கால்நடையாக வந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இழந்து பழகியவருக்கு, கையில் இருப்பதை வீசுவது எளிதல்ல.

ஆனால் எது திருத்தக்கூடிய பழுது, எது திருத்தக்கூடாத பழுது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். எஞ்சின் பழுது பெரும்பாலும் பயமுறுத்துகிற அளவுக்குப் பெரிதல்ல. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை வந்து பின் நின்றுவிட்டால், வால்வு சீல் தேய்ந்திருக்கலாம், அது சிறிய வேலை. எந்நேரமும் நீலப் புகை வந்து, இழுவையும் குறைந்தால் பிஸ்டன் றிங், சிலிண்டர் வரை பார்க்க வேண்டும். செலவுதான், ஆனாலும் செய்யக்கூடியது. எஞ்சின் இரைந்தும் வண்டி நகராவிட்டால் உள்ளே இருக்கும் பெல்ற் வழுக்குகிறது அல்லது அறுந்துவிட்டது. எமக்கு நடந்தது இதுதான். சூடடிப்புக் காலத் தூசு பெல்ற் மூடிக்குள் போய்த் தேய்க்கும் என்பதை வயலுக்கு ஓடுகிறவர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது.

மன்னாரில் வண்டியைக் கொல்வது எஞ்சின் அல்ல, துருதான். தீவுக்குள் வருகிற எவரும் பாலத்தின் மேல் கடற்காற்றை வாங்கித்தான் வர வேண்டும். காற்றில் வரும் உப்பு இரும்பில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், வண்டி சும்மா நிற்கிற இரவிலும் துரு ஏறும். ஸ்கூட்டரில் இது இன்னும் மோசம். சைக்கிளின் சட்டம் கண்ணுக்குத் தெரியும். ஸ்கூட்டரின் சட்டமோ பிளாஸ்ரிக் மூடிகளுக்குள் மறைந்திருக்கிறது. வயற்சேறு அடிப்பலகைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு மாதக்கணக்காய் ஈரமாய் இருக்கும். மேலே பெயின்ற் பளபளக்கும், கீழே குழாய் உக்கிப்போயிருக்கும். கழுவினால் சரி என்று நினைத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவார்கள். அது உப்புக்கு மேல் உப்பு. நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவி, காயவிட்டுத்தான் மூடிவைக்க வேண்டும். பழைய ஒயிலைச் சட்டத்தில் பூசுவது உதவும், ஆனால் அது பிறேக்கிலும் ரயரிலும் பட்டுவிடக் கூடாது.

உக்கிய சட்டத்துக்கு ஒட்டுப் போட ஆட்கள் தயாராக இருப்பார்கள். மெலிந்த குழாயில் ஒட்டினால், ஒட்டிய இடம் நிற்கும், அதற்குப் பக்கத்தில் வெடிக்கும். எஞ்சின் கெட்டால் வண்டி நிற்கும், சட்டம் முறிந்தால் ஆள் விழுவார். இரவில் கழுதைகள் படுத்திருக்கும் தீவு வீதியில் அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. சட்டத்தை மட்டும் மாற்றிவிடலாமே என்றால், செசி இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது, சட்டத்தோடு அந்த இலக்கமும் போய்விடும்.

சரி, மாற்றுவதென்றால் பணம்? 2020 பங்குனியில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 மாசியில்தான் தனியாருக்குத் திரும்பத் திறந்தது. அதற்கிடையில் 2022 பங்குனித் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், வைகாசியில் 360 ரூபா வரை போனது. பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் திகைத்துத்தான் திரும்புவார். உடனே லீசிங் என்ற சொல் வரும். 36 மாத லீசிங் என்றால் 36 தவணை. அதே காலத்தில் காலபோகம் மூன்றே முறைதான் வரும், சிறுபோகம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. மாதச் சம்பளக்காரருக்குத் தைத்த சட்டை அது, எமக்குப் பொருந்தாது. தவணை தவறினால் வண்டியும் போகும், கட்டிய காசும் போகும்.

அதற்காக, எண்ணெய் குடிக்கிற வண்டியை வைத்திருப்பதும் இலாபமல்ல. 2022 ஆவணியில் கியூ.ஆர். அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் கிடைத்தது. வீட்டிலிருந்து வயல் 25 கிலோமீற்றர் என்று வையுங்கள், போய்வர 50. லீற்றருக்கு 40 ஓடுகிற வண்டிக்கு அந்த 4 லீற்றரில் மூன்று தடவை வயல் பார்க்கலாம். 30 ஓடுகிற வண்டிக்கு இரண்டே தடவை. அந்தப் பங்கீடு 2023 புரட்டாதியில் நின்றுவிட்டது, கணக்கு நிற்கவில்லை. இப்போது அதைக் காசாகக் கொடுக்கிறோம்.

பாவித்த வண்டி வாங்குகிறவர்கள் புத்தகத்தில் உள்ள எஞ்சின், செசி இலக்கங்களை வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிதிக் கம்பனியின் பெயர் இன்னும் புத்தகத்தில் இருந்தால் விற்பவரின் கடன் முடியவில்லை என்று அர்த்தம். புத்தகமே இல்லாத வண்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். இடம்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்துவிட்டு ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கிய நாங்கள், அந்த அலைச்சலைக் காசு கொடுத்து வாங்கலாமா?

எமது ஸ்கூட்டருக்கு வருவோம். பெல்ற்றும் றோலர்களும் மாற்றினால் ஓடும் என்றார் திருத்துநர். எஞ்சின் இன்னும் சில வருடம் தாங்குமாம். பிறகு அடிமூடியைக் கழற்றி, ஸ்ராண்ட் பூட்டிய இடத்தில் ஸ்குறூ டிறைவரால் தட்டினார். இரண்டாவது தட்டில் அது குழாய்க்குள் இறங்கிவிட்டது. எம்மில் ஒருவர் ஒட்டிப் பார்ப்போமே என்றார். நாம் சம்மதிக்கவில்லை. எஞ்சினையும் நல்ல பாகங்களையும் திருத்துநரே விலைக்கு எடுத்துக்கொண்டார்.

இப்போது முருங்கன் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து இரவல் சைக்கிளில் வயல்களுக்குப் போய்வருகிறோம். வவுனியாப் பக்கம், கடற்காற்றுப் படாத ஒரு பாவித்த வண்டி விலைக்கு இருப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பார்க்கப் போகும்போது திருத்துநரையும், அவருடைய ஸ்குறூ டிறைவரையும் கூட்டிக்கொண்டுதான் போவோம்.