ஐந்தாம் சக்கரம்: பிக்கப் வண்டிக்கும் டிரெயிலருக்கும் ஏற்ற இணைப்பு எது?

பிழைப்பை நாடித் தமிழகத்தை விட்டு வெளியேறி, மும்பையிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் வேரூன்றியவர்கள் நாம். நம் பிள்ளைகளோ நம்மினும் ஒரு படி மேலே சென்று, கடல் கடந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் குடியேறியுள்ளனர். ஆண்டுக்கொரு முறையோ இரண்டாண்டுக்கொரு முறையோ பெற்றோர் அங்கே சென்று சில திங்கள் தங்கி வருவது இன்று நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. அவ்வாறு சென்று வந்த அன்பர்கள் கூறும் புதுமைகளில் ஒன்று, வீட்டையே வண்டியில் பூட்டி இழுத்துச் செல்லும் உல்லாசப் பயணம். படுக்கை, சமையலறை, குளியலறை யாவும் அமைந்த டிரெயிலரைப் பிக்கப் வண்டியின் பின்னே மாட்டிக்கொண்டு, தேசியப் பூங்காக்களுக்கும் ஏரிக்கரைகளுக்கும் குடும்பத்தோடு செல்கின்றனர். நம் பிள்ளைகளுள்ளும் சிலர் இவ்வழக்கத்தை மேற்கொண்டுள்ளனர்.

இப்பயணத்தில் இன்பம் உண்டு, ஐயமில்லை. ஆயினும் ஐயாயிரம் கிலோ எடையுள்ள வீடு ஒன்று, நம் பேரக் குழந்தைகள் அமர்ந்துள்ள வண்டியின் முதுகில், ஒரே ஓர் இரும்பு முளையைப் பற்றிக்கொண்டு வருகிறது என்பதை மறத்தலாகாது. அம்முளையைப் பிடித்து நிற்கும் கருவிக்கே ‘ஹிட்ச்’ என்று பெயர். அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றோம்.

பெயர் வந்த கதை

இவ்வகை டிரெயிலருக்கு ‘ஐந்தாம் சக்கரம்’ என்று பெயர். குதிரை வண்டிக் காலத்தில், நான்கு சக்கர வண்டியின் முன் அச்சு இருபுறமும் திரும்புவதற்காக, அதன் மேல் ஓர் இரும்பு வளையத்தைக் கிடையாகப் பொருத்தியிருந்தனர். அதுவே ஐந்தாம் சக்கரம். மோட்டார் யுகம் பிறந்தபின், 1914ஆம் ஆண்டில், டெட்ராயிட் நகரத்துக் கொல்லரும் வண்டி செய்பவருமான ஆகஸ்ட் ஃபுருவாஃப், மர வணிகர் ஒருவரின் படகை ஏரிக்குக் கொண்டு செல்ல ஃபோர்டு கார் இழுக்கும் வண்டி ஒன்றைச் செய்துகொடுத்தார். பின்பாதிச் சுமையைத் தன் சக்கரத்திலும் முன்பாதிச் சுமையை இழுக்கும் வண்டியிலும் தாங்கும் அரை டிரெயிலர் அதிலிருந்தே பெருகியது. விமானத் துறை முன்னோடியான கிளென் கர்ட்டிஸ், 1920களின் பிற்பகுதியில் ‘ஏரோகார்’ என்னும் பயண டிரெயிலரைச் செய்தபோது, காற்றடைத்த சக்கரம் ஒன்றைப் படுக்கவைத்தே இணைப்பை அமைத்தார். பெயர் அங்கே மெய்யாகவே பொருந்திற்று.

நவசேவா துறைமுகச் சாலையில் கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் நீண்ட லாரிகளை நம் மும்பை அன்பர்கள் நாள்தோறும் காண்கின்றனர். அவற்றில் முன்வண்டியின் மேல் வாயைப் பிளந்த தட்டு ஒன்று இருக்கும். டிரெயிலரின் அடியில் ‘கிங்பின்’ என்னும் முளை தொங்கும். முளை தட்டின் வாயில் புகுந்ததும் தாடை மூடிக்கொள்ளும். பிக்கப் வண்டியில் உள்ளதும் இதே அமைப்புத்தான், அளவே சிறிது.

முன்பாரமும் பின்பாரமும்

சாதாரண டிரெயிலர், வண்டியின் பின்முனையிலுள்ள குண்டில் மாட்டப்படுகிறது. அதன் எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கே வண்டியின் மேல் விழும். ஐந்தாம் சக்கர டிரெயிலரோ பிக்கப்பின் பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது அதற்குச் சற்று முன்னே அமர்கிறது. எடையில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து பங்கு வரை வண்டியின் முதுகில் இறங்கும்.

காளை வண்டி ஓட்டிய நம் முன்னோர் இதனை நன்கு அறிவர். பாரம் பின்னுக்குப் போனால் நுகத்தடி மேலே எழும்பி வண்டி குடை சாயும். முன்னுக்கு மிகுந்தால் காளையின் கழுத்து நோகும். டிரெயிலரும் அவ்வாறே. பின்பாரம் மிகுந்தால் அது நெடுஞ்சாலையில் பாம்புபோல் நெளியும். போதிய முன்பாரம் இருப்பதாலும், அப்பாரம் அச்சின் மேலேயே அமர்வதாலும், ஐந்தாம் சக்கர டிரெயிலர் பக்கக் காற்றுக்கு எளிதில் அசையாது. ஆனால் காளைக்குக் கழுத்து வலிமை வேண்டும். முதற்கண் ஆராய வேண்டுவது ஹிட்ச் அன்று, வண்டியின் முதுகு.

கணக்கு முதலில், கடை பிறகு

விற்பனையாளர், ‘இவ்வண்டி 12,000 பவுண்டு இழுக்கும்’ என்று விளம்பரத் தாளைக் காட்டுவார். அது பொய்யன்று. ஆயினும் அவ்வெண் பெரும்பாலும் இருவர் மட்டும் அமர்ந்த வண்டிக்குக் கண்ட எண். இழுக்கும் வலிமை வேறு, சுமக்கும் வலிமை வேறு. சுமக்கும் வலிமை, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் சிறு சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். மனிதரும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேற்படலாகாது என்பதே அச்சீட்டின் செய்தி.

ஒரு குடும்பத்தின் கணக்கைப் பார்ப்போம். முழு எடை 12,000 பவுண்டு வரை அனுமதிக்கப்பட்ட டிரெயிலர். அதாவது சுமார் 5,440 கிலோ. அதில் நூற்றுக்கு இருபது பங்கு 2,400 பவுண்டு, வண்டியின் முதுகில் விழும். ஹிட்ச் 150 பவுண்டு. கணவன், மனைவி, குழந்தை ஒன்று, ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா, பாட்டி ஆக ஐவர் 700 பவுண்டு. கைப்பெட்டிகளும் கருவிகளும் 150 பவுண்டு. மொத்தம் 3,400 பவுண்டு. ஏறத்தாழ 1,540 கிலோ. அமெரிக்கர் ‘அரை டன்’ என அழைக்கும் சிறிய பிக்கப்பின் சீட்டில் 1,800 பவுண்டு என்று இருக்குமாயின், சுமை அதனைப்போல் ஏறத்தாழ இருமடங்கு! இழுக்கும் எண் சரியாக இருந்தும், பின்னச்சும் டயரும் தாங்கா. இக்குடும்பத்திற்கு ‘முக்கால் டன்’ அல்லது ‘ஒரு டன்’ வகை வண்டியே ஏற்றது. அங்கும் சீட்டைப் படித்த பின்னரே முடிவு செய்யவேண்டும்.

பெற்றோரை டிரெயிலரில் படுக்கவைத்து எடையைக் குறைக்கலாமே எனச் சிலர் எண்ணக்கூடும். அதனைப் பல மாநிலங்கள் சட்டத்தால் தடுத்துள்ளன. சில நிபந்தனைகளோடு அனுமதிக்கின்றன. சட்டம் எவ்வாறாயினும், பெரியவர்கள் இருக்கை வாரோடு பிக்கப்பிலேயே அமர்தல் வேண்டும்.

ஹிட்சின் மீதும் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்று இழுக்கக்கூடிய டிரெயிலரின் முழு எடை. மற்றொன்று முளையின் வழியே தாங்கக்கூடிய சுமை. இரண்டும் டிரெயிலரின் எண்களைவிட மிகுதியாக இருத்தல் வேண்டும். ஆயினும் 20,000 பவுண்டு ஹிட்சை வாங்கி மாட்டினால் வண்டியின் வலிமை பெருகிவிடாது. வண்டி, ஹிட்ச், டயர், டிரெயிலர் ஆகிய யாவற்றிலும் மிகக் குறைந்த எண் எதுவோ, அதுவே நம் எல்லை.

பெட்டியின் நீளம்

அடுத்து நோக்க வேண்டுவது பிக்கப்பின் பின்பெட்டி. எட்டடி, ஆறரை அடி, ஐந்தரை அடி என மூவகைப் பெட்டிகள் மிகுதி. டிரெயிலரின் அகலம் எட்டடி அல்லது அதற்குச் சற்று மேல். முளையிலிருந்து பக்கவாட்டில் பாதி அகலமே நான்கடி ஆகிறது. மூலை இன்னும் சற்று நீளும். பின்னோக்கி ஒடித்துத் திருப்பும்போது அம்மூலை ஓட்டுநர் அறையின் பின் கண்ணாடியைத் தாக்குவதற்கு இடமுண்டு.

எட்டடிப் பெட்டியில் பொதுவாக இவ்வச்சம் இல்லை; நிலையான ஹிட்ச் போதும். அதுவே எளியது, எடையும் விலையும் குறைந்தது. குறும்பெட்டிக்கு நகரும் ஹிட்ச் தேவைப்படும். கையால் நகர்த்தும் வகையில், ஓட்டுநர் இறங்கி நெம்புகோலை விடுவித்து, டிரெயிலர் பிரேக்கைப் பிடித்தவாறு வண்டியை மெல்ல முன்னே செலுத்துவார். ஹிட்ச் ஏறத்தாழ ஓரடி பின்னே நகரும். இது முகாமில் மெதுவாகத் திருப்புவதற்கு மட்டுமே. சாலையில் ஏறுமுன் மீண்டும் பழைய நிலைக்குக் கொணர்தல் வேண்டும். தானே நகரும் வகை, திருப்பத்திற்கேற்பத் தானாகவே பின்சென்று திரும்பும். விலையும் எடையும் மிகுதி. மறதியுடையோர்க்கு அதுவே நலம். முன்மூலைகள் உள்வாங்கிச் செய்யப்பட்ட டிரெயிலர்களும் உண்டு. எதுவாயினும், வாங்குமுன் நாடா கொண்டு அளந்து பார்த்தலே அறிவுடைமை.

உயரத்தையும் அளத்தல் வேண்டும். டிரெயிலர் சமமாக நிற்கவேண்டும். பெட்டியின் பக்கச் சுவருக்கும் டிரெயிலரின் அடிப்பாகத்திற்கும் இடையே ஆறு அங்குல இடைவெளியேனும் இருத்தல் நலம். இன்றேல் மேடு பள்ளத்தில் இரண்டும் மோதும்.

பொருத்தும் முறைகள்

பெட்டியின் தரையில் துளையிட்டு, இரண்டு தண்டவாளம் போன்ற சட்டங்களை வண்டியின் சேசிசோடு போல்ட்டால் முடுக்குவது பழைய முறை. புதிய பெரிய பிக்கப்கள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே நான்கு பதிகுழிகளும் நடுவே ஒரு துளையும் அமைத்துத் தருகின்றனர். அவ்வண்டிக்கென்றே செய்த ஹிட்சை அக்குழிகளில் இறக்கிப் பூட்டிவிடலாம். கழற்றினால் தரை வெறுமையாகச் சரக்கேற்ற உதவும். வண்டி வாங்கும்போதே இவ்வமைப்பைக் கேட்டுப் பெறுதல் சிக்கனம்.

டிரெயிலரின் முளையில் ஒரு நீண்ட குழாயைப் பொருத்தி, தரையிலுள்ள குண்டில் மாட்டும் முறையும் உண்டு. இது மலிவு. ஆயினும் நீண்ட குழாய் நெம்புகோலாக மாறி டிரெயிலரின் முன்சட்டத்தை வருத்தும். டிரெயிலர் செய்தவர் சிலர் இதனால் உத்தரவாதத்தை மறுப்பதுமுண்டு. அவரிடம் எழுத்தில் கேட்டறியாமல் இம்முறையில் இறங்கற்க.

ஹிட்சின் தலை முன்னும் பின்னும் மட்டும் சாய்வது ஒரு வகை. பக்கவாட்டிலும் சாய்வது மற்றொரு வகை. சமமற்ற தரையில் மாட்டுவதற்குப் பின்னதே எளிது. தாடை முளையைச் சுற்றிலும் இறுகப் பற்றுமாயின், வழியெல்லாம் கடகடவென்று அடிக்கும் ஓசை குறையும்.

மாட்டும்போது செய்யத்தக்கவை

எத்துணை நல்ல ஹிட்சும் கவனக்குறைவாக மாட்டினால் பயனில்லை. டிரெயிலர் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பிக்கப்பின் பின்கதவை இறக்குக. டிரெயிலரின் தட்டு, ஹிட்சின் தட்டைவிடச் சிறிது தாழ்ந்திருக்கட்டும்; வண்டி பின்னே வரும்போது அது மெல்ல ஏறி அமரும். உயர்ந்திருந்தால் முளை தாடைக்குள் புகாமல் மேலேயே தங்கிவிடும். மாட்டியது போலத் தோன்றும். முதல் திருப்பத்தில் டிரெயிலர் பெட்டியின் மேல் சரியும். ஆகவே கைவிளக்கால் தாடை மூடியுள்ளதா, தட்டுகளிடையே இடைவெளி இல்லையா எனக் கண்ணால் காண்க. கைப்பிடியில் பூட்டு முளையைச் செருகுக. மின்கம்பியை இணைத்து, இணைப்பு விடுபட்டால் டிரெயிலர் பிரேக்கைத் தானே பிடிக்கச் செய்யும் மெல்லிய கம்பியை ஹிட்சில் அன்று, வண்டியில் மாட்டுக. டிரெயிலரின் கால்கள் தரையில் ஊன்றியிருக்கும்போதே, அதன் பிரேக்கைப் பிடித்து வண்டியை மெல்ல முன்னிழுத்துச் சோதித்த பின்னரே கால்களை உயர்த்துக.

முதற் பயணத்திற்கு முன், லாரிகள் தங்கும் நிலையங்களிலுள்ள எடைமேடையில், வேண்டிய பொருள்களையெல்லாம் ஏற்றி நிறுத்துப் பார்த்தல் இன்றியமையாதது. டிரெயிலரோடு பிக்கப்பின் அச்சுகள் காட்டும் எடையிலிருந்து, பிக்கப்பின் தனியெடையைக் கழித்தால் முதுகில் விழும் சுமை தெரிந்துவிடும். ஐம்பது கேலன் தண்ணீரே 400 பவுண்டுக்கு மேல். தொட்டி முன்னே இருந்தால் முன்பாரம் கூடும். பின்னே இருந்தால் குறையும்.

ஓட்டுநர் உரிமத்தையும் மறத்தலாகாது. கலிபோர்னியா மாநிலத்தில், 10,000 பவுண்டுக்கு மேற்பட்டு 15,000 பவுண்டு வரையுள்ள ஐந்தாம் சக்கர டிரெயிலருக்கு உரிமத்தில் தனிக் குறிப்பும், அதற்கும் மேற்பட்டால் வேறு வகை உரிமமும் வேண்டும். மாநிலத்திற்கு மாநிலம் விதி மாறும்.

இவையெல்லாம் பிள்ளைகளின் வேலை, நமக்கென்ன என்று இருந்துவிடுதல் தகாது. அடுத்த முறை தொலைபேசியில், ‘டிரெயிலர் வாங்கப் போகின்றோம்’ என்று அவர்கள் மகிழ்ச்சியோடு சொல்லும்போது, ‘நல்லது, கதவுச் சீட்டில் எத்தனை பவுண்டு போட்டிருக்கிறது?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அக்கேள்விக்கு விடை கண்டபின் ஹிட்சைத் தேடட்டும்.