முன்பல் உடைந்தால்: பிடுங்குவதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள்

மீள்குடியேறிய முதல் மாதங்களில் பெரியவர்கள் கிணறு இறைப்பது, பற்றை வெட்டுவது, கூரைக்குத் தகரம் போடுவது என்று வேலையாக இருப்பீர்கள். பிள்ளைகள் இடிந்த சுவர்களிலும் கற்குவியல்களிலும் ஏறி விளையாடுவார்கள். விழுந்தால் முதலில் அடிபடுவது பெரும்பாலும் மேல் முன்பற்கள்தான். உடைந்த பல்லைப் பிடுங்குவது ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். அடிபட்ட முதல் மணித்தியாலத்தில் நீங்கள் செய்வதைப் பொறுத்தே பல காயங்களில் பல் தப்புகிறது.

முதலில் ஆளைக் கவனியுங்கள்

மயக்கம், வாந்தி, தலைசுற்றல் இருந்தாலோ, இரத்தம் நிற்காவிட்டாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். பல்லை அதன் பிறகு பார்க்கலாம். காயத்தில் மண் பட்டிருந்தால் ஏற்புத் தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள்.

பல்லின் ஒரு துண்டு உடைந்தால்

துண்டைத் தேடி எடுத்து, பாலில் அல்லது சுத்தமான தண்ணீரில் போட்டுக் கொண்டு செல்லுங்கள். பல சமயம் அதையே திரும்ப ஒட்டலாம். துண்டு கிடைக்காவிட்டால் பல்லின் நிறத்திலேயே அடைத்துத் தருவார்கள். உதடு கிழிந்திருந்தால் துண்டு அதற்குள் புதைந்திருக்கவும் கூடும். அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். உடைந்த இடத்தில் சிவப்புப் புள்ளியோ இரத்தமோ தெரிந்தால் நரம்பு வெளியே வந்துள்ளது. அன்றைக்கே காட்ட வேண்டும்.

பல் முழுதாகக் கழன்று விழுந்தால்

விழுந்த பாற்பல்லைக் கூரையில் எறிவது நம் வழக்கம். பாற்பல்லைத் திரும்ப வைக்கவும் கூடாது. அடியில் வளரும் பல்லுக்கு அது கேடு. ஆனால் 6 முதல் 8 வயதில் முளைக்கும் நிரந்தர முன்பல்லை எறிந்துவிடாதீர்கள். அதைத் திரும்ப வைக்க முடியும்.

• வெள்ளைப் பகுதியில் மட்டும் பிடியுங்கள். வேரைத் தொடவோ தேய்க்கவோ வேண்டாம்.
• மண் இருந்தால் பாலில் அலசுங்கள். பால் இல்லையென்றால் சுத்தமான தண்ணீரில் சில வினாடிகள் மட்டும்.
• பிள்ளை நினைவோடு, அமைதியாக இருந்தால் பல்லை அதன் குழியில் சரியான பக்கமாக வைத்து, சுத்தமான துணியை மெதுவாகக் கடிக்கச் சொல்லுங்கள்.
• முடியாவிட்டால் ஆறிய, சீனி சேர்க்காத பாலில் போடுங்கள். பாலும் இல்லையென்றால் பிள்ளையை ஒரு கோப்பையில் துப்பச் சொல்லி அந்த எச்சிலில் வையுங்கள்.
• கடதாசியிலோ காய்ந்த துணியிலோ சுற்ற வேண்டாம்.
• 60 நிமிடங்களுக்குள் பல் வைத்தியரிடம் சேருங்கள். பிந்தினாலும் பல்லோடு போங்கள்.

வைத்தியர் பல்லைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஏறக்குறைய 2 கிழமைகளுக்குக் கட்டி வைப்பார். வளர்ந்த பல்லுக்குப் பின்னர் வேர்ச் சிகிச்சையும் தேவைப்படும். சொன்ன நாளில் திரும்பப் போகாவிட்டால், வைத்த பல்லும் கெட்டுவிடலாம்.

கவனம்: பல்லையோ துண்டையோ தேடி, கண்ணிவெடி அகற்றப்படாத நிலத்துக்குள் கால் வைக்காதீர்கள்.

இடம்பெயர்ந்த காலத்தில் உடைந்த பல்

முகாமில் இருந்தபோது அடிபட்டு, வைத்தியம் பார்க்க முடியாமல் போன பற்கள் உங்களில் பலருக்கு இருக்கலாம். வருடங்கள் கடந்தாலும் காட்டுங்கள். பல் கறுத்திருந்தால், ஆடினால், முரசில் கொப்புளம் வந்து சீழ் வடிந்தால் உள்ளே நரம்பு இறந்திருக்கக்கூடும். வேர்ச் சிகிச்சை செய்து, அடைத்தோ உறை போட்டோ அந்தப் பல்லைக் காக்க முடியும். காக்க முடியாத பல்லுக்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் பல் கட்டலாம். சிரிக்கும்போது வாயைப் பொத்தும் பிள்ளையையும், பேசக் கூச்சப்படும் இளம் பெண்ணையும் இதற்காகவே அழைத்துச் செல்லுங்கள்.

எங்கே போவது?

அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பழைய கிளினிக் கொப்பி தொலைந்திருந்தாலும் தயங்க வேண்டாம்; நடந்ததைச் சொன்னால் போதும். அங்கே செய்ய முடியாத சிகிச்சைக்கு மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ போதனா வைத்தியசாலைக்கோ கடிதம் தரும்படி கேளுங்கள். பல் சிகிச்சைப் பிரிவு எந்த நாட்களில் இயங்குகிறது என்பதை உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். பல் விழுந்த பிறகு விசாரிக்க நேரம் இருக்காது.