குளத்து மீன்களின் புண் வியாதி

ஐப்பசி, கார்த்திகை மழையினால் குளங்கள் நிரம்பி, மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியதும், சில குளங்களில் விரால் மீன்கள் இரை கொள்ளாமல் நீரின் மேல்மட்டத்தில் தலையை நீட்டிக்கொண்டு மந்தமாய் மிதப்பதைக் காணலாம். அவற்றைப் பிடித்துப் பார்த்தால் விலாவிலோ வாலடியிலோ செந்நிறப் புள்ளி ஒன்று தென்படும். சில நாட்களில் அவ்விடத்துச் செதில் உதிர்ந்து, தோல் அழுகி, சதை வெளியே தெரியும் பெரும் புண்ணாகிவிடும். விரால் கெட்டியான உயிருடையது; மண்டையெலும்பு தெரியுமளவு அழுகிய பின்னும் நீந்திக்கொண்டிருக்கும். சிறு கெண்டைகள் அவ்வாறு தாங்கமாட்டாமல் கூட்டம் கூட்டமாய் மாண்டு கரை ஒதுங்கும். இதுவே மீன்களின் புண் வியாதி எனப்படுவது.

இவ்வியாதி முதன்முதலாக 1971-ம் வருஷத்தில் ஜப்பான் தேசத்தில் காணப்பட்டது. மறு வருஷம் ஆஸ்திரேலியாவில் தோன்றிப் பிற்பாடு தென்கிழக்கு ஆசிய நாடுகளில் பரவிற்று. 1988-ல் வங்கதேசத்திலும், அதனையடுத்து இந்தியாவின் வடகிழக்குப் பகுதிகளிலும் பெருவாரியாய்ப் பரவி, சில வருஷங்களுக்குள் தென்னாட்டையும் எட்டியது. 1991-ல் கேரளத்தின் குட்டநாட்டு நீர்நிலைகளில் இதனால் பெருஞ்சேதம் நேர்ந்தது. மீன் செத்ததால் விளைந்த நஷ்டத்தோடு, மீனை உண்டால் மனிதருக்கும் புண் வரும் என்ற வதந்தியால் விளைந்த நஷ்டமும் சேர்ந்தது. வாங்குவாரின்றி நல்ல மீனும் விலை வீழ்ந்து, மீன் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் பெரிதும் வருந்தின.

வியாதிக்குக் காரணம் யாது என்பதில் அறிஞர்களுக்குள் நெடுங்காலம் அபிப்பிராய பேதம் இருந்து வந்தது. புண்ணைச் சோதித்த போதெல்லாம் ஏரோமோனாஸ் என்னும் பாக்டீரியாக் கிருமி மிகுதியாய்க் கிடைத்தமையால் அதனையே குற்றவாளி எனப் பலர் கருதினர். சிலர் வைரஸ் என்றனர். உண்மையில் பாக்டீரியா புண் உண்டான பிறகு வந்து குடியேறுவது. தோலைத் துளைத்துச் சதைக்குள் முதலில் நுழைவது அபனோமைசிஸ் இன்வடன்ஸ் எனப்படும் நீர்ப் பூசணமேயாகும். இது பார்வைக்குப் பூசணம் போன்றிருப்பினும் உண்மையான பூசண இனத்தைச் சேர்ந்ததன்று. கடலில் வளரும் பழுப்புப் பாசிகளுக்கு உறவானது. ஆகையால் சாதாரணப் பூசண மருந்துகள் பலவும் இதனிடம் பலிப்பதில்லை. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகளோ இதனைத் தீண்டுவதுமில்லை. புண்ணைக் கண்டவுடன் தீனியில் ஆன்டிபயாடிக் கலந்து போடுவோர் பணத்தை இழப்பதோடு, அம்மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் தம் குளத்தில் வளர்த்து விடுகின்றனர்.

இந்நீர்ப் பூசணம் கண்ணுக்குப் புலப்படாத வித்துக்களை நீரில் விடுகிறது. ஒவ்வொரு வித்திற்கும் சவுக்கு போன்ற இரு நுண்ணிய இழைகள் உண்டு. அவற்றை வீசி நீந்திச் சென்று மீனின் தோலில் காயமோ உராய்வோ உள்ள இடத்தைப் பற்றிக்கொள்ளும். அங்கிருந்து நூல் போன்ற இழைகளாய் முளைத்துச் சதைக்குள் இறங்கும். மீனின் உடல் அவ்விழைகளைச் சுற்றி மதில் எழுப்பிப் போராடுகிறது. வெயில் காலத்தில் மீனின் பலம் ஓங்கியிருப்பதால் பெரும்பாலும் அது வென்று புண் ஆறிவிடுகிறது. நீர் குளிர்ந்த நாட்களில் மீனின் எதிர்ப்புச் சக்தி மந்தப்படுகிறது. பூசணமோ அக்குளிர்ச்சியிலேதான் மிகுதியாய் வித்து விடுகிறது. வருஷந்தோறும் மழைக்குப் பின் பனிக்காலத்தில் வியாதி தலைகாட்டுவதன் காரணம் இதுவே. மழை வெள்ளம் புளிப்பு மண்ணைக் கழுவிக்கொண்டு குளத்தில் சேருமிடத்தில் அப்புளிப்பு நீர் மீன்தோலை அரித்து, பூசணத்திற்கு வாசல் திறந்து வைக்கிறது.

எல்லா மீன்களும் ஒரே விதமாய் இதற்கு ஆட்படுவதில்லை. விரால், குறவை, கெண்டை வகைகள் எளிதில் பிடிபடும். கட்லா, ரோகு, மிருகால் ஆகியவை குஞ்சுப் பருவத்தில் நலியும். வளர்ந்த பின் ஓரளவு தாங்கும். சாதாக்கெண்டை, ஜிலேபிக் கெண்டை, பால்கெண்டை ஆகிய மூன்றும் இவ்வியாதிக்கு வசப்படாதவை என்றே சொல்லலாம். ஆண்டுதோறும் வியாதி காணும் குளத்தில் விராலையே நம்பியிருப்பது புத்திசாலித்தனமன்று.

இனி, செய்ய வேண்டியவை. சதைக்குள் புகுந்துவிட்ட பூசணத்தை அகற்ற மருந்து கிடையாது. ஆகையால் முயற்சி அனைத்தும் வருமுன் காப்பதிலேயே இருத்தல் வேண்டும். கோடையில் குளத்தை வற்றவிட்டு, அடி மண் வெடிக்கும்வரை வெயிலில் காயப் போடுவது முதற் காரியம். பின் ஏக்கருக்குச் சுமார் 80 கிலோ சுண்ணாம்பைச் சீராய்த் தூவ வேண்டும். மண் புளிப்பாயிருப்பின் மண் பரிசோதனையின்படி இதனைக் கூட்டிக்கொள்ளலாம். நீர் விடும்போது மடைவாயில் நெருக்கமான கண்ணுள்ள வலை கட்டினால், வாய்க்காலிலிருந்து வரும் காட்டு மீன்கள் தடுக்கப்படும். வியாதியைச் சுமந்து வருபவை பெரும்பாலும் அவையே. கிணற்று நீர் கிடைக்குமாயின் அதுவே உத்தமம்.

மீன் உள்ள குளத்தில் பனிக்கு முன் மீண்டும் சுண்ணாம்பு இடுவது நற்பலன் தரும். ஆனால் நீற்றாத கற்சுண்ணாம்பை ஒரே தடவையில் கொட்டுதல் கூடாது. நீரின் காரம் திடீரென ஏறினால் அதிலுள்ள அம்மோனியா விஷமாய் மாறி, வியாதி கொல்லாத மீனைச் சுண்ணாம்பு கொன்றுவிடும். நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து, காரம் தாழ்ந்திருக்கும் காலை வேளையில், சில நாட்கள் இடைவிட்டுச் சிறுகச் சிறுகத் தெளிக்க வேண்டும்.

உப்பும் இப்பூசணத்தைத் தடுக்கும். ஆயிரம் பங்கு நீரில் இரண்டு பங்கிற்கு மேல் உப்பு இருந்தால் வியாதி பரவுவது நின்றுவிடுகிறது. ஆயினும் இதைக் கேட்டு உப்பு மூட்டைகளுடன் குளத்திற்கு விரைபவர் கணக்கையும் பார்த்தல் நலம்: ஒரு ஏக்கர் பரப்பும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள குளத்திற்கு 8 டன் உப்பு வேண்டும். அதன்பின் அந்நீரை நெல்லுக்குப் பாய்ச்சவும் இயலாது. உப்பு முறை குஞ்சு வளர்க்கும் தொட்டிகளுக்கே ஏற்றது. ஆயிரம் லிட்டருக்கு 2 கிலோவிற்குச் சற்று அதிகமாய்க் கரைத்தால் போதும்.

புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் தயாரித்த சிஃபாக்ஸ் என்னும் திரவத்தை ஒரு எக்டேர் பரப்பும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள நீருக்கு 1 லிட்டர் வீதம் உபயோகிப்பதுண்டு. மேற்சொன்ன ஒரு ஏக்கர் குளத்திற்கு இது 400 மில்லி லிட்டராகும். தொடக்கத்தில் தெளித்தால் பலன் உண்டு. பாதி மீன் மாண்ட பின் தெளித்து மருந்தைப் பழிப்பதில் பயனில்லை. மாலகைட் கிரீன் என்னும் பச்சைச் சாயத்தைச் சிலர் இன்னும் சிபாரிசு செய்கின்றனர். அது மீனின் சதையில் தங்கி உண்பவருக்குத் தீங்கு செய்யக்கூடியதாகையால் உணவு மீனுக்கு அறவே கூடாது.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. ஏலம் எடுத்த குத்தகைதாரர் ஒரே வலையை ஈரத்தோடு ஊருக்கு ஊர் எடுத்துச் செல்கின்றனர். ஒரு குளத்து வியாதி அடுத்த குளத்திற்குப் போக அந்த ஈரம் போதும். வலையையும் கூடைகளையும் வெயிலில் நன்கு உலர்த்திய பின்னரே அடுத்த நீர்நிலையில் இறக்க வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாகவே எழுதிவிடலாம். செத்த மீனை வாய்க்காலில் எறிய விடாமல், குளத்திற்கு எட்டத்தில் குழி வெட்டி, சுண்ணாம்பு இட்டுப் புதைக்கச் செய்ய வேண்டும். மீன்வளத் துறைக்கு அன்றே தகவல் அனுப்புதல் அவசியம். புண்ணுக்குக் காரணம் இப்பூசணந்தானா, மீன் பேன் கடித்ததா என்பதைச் சதையைச் சோதித்தே துணிய முடியுமாகையால், புண்ணுள்ள மீன் இரண்டொன்றை உயிரோடு நீரில் வைத்துக் காட்டுவது நல்லது.

மக்களின் அச்சத்தையும் அவர்கள் தெளிவிக்க வேண்டும். இப்பூசணம் மனித உடலின் சூட்டில் வளராது. மனிதருக்கு இவ்வியாதி வந்ததில்லை. புண்பட்ட மீனில் வேறு கிருமிகள் மலிந்திருப்பதால் அதனை விற்கவோ உண்ணவோ கூடாது. அதே குளத்தில் புண்ணின்றி ஆரோக்கியமாய் உள்ள மீனை நன்கு வேகவைத்து உண்பதில் தடையில்லை.