குட்டி யானைக்கு என்ன நோய்?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். அங்கே சாலையோரத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். மல்லாட்டை மூட்டை, கரும்புக் கட்டு, பந்தல் சாமான், ஆட்டுக் குட்டிகள் என்று எதையாவது சுமந்துகொண்டு குட்டி யானைகள் போய்க்கொண்டே இருக்கும். 2005ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனம் ஏஸ் என்ற சிறு சரக்கு வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு நம் மக்கள் வைத்த செல்லப் பெயர்தான் குட்டி யானை. இரண்டே உருளைகள், 702 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, 16 குதிரைத் திறன். இவ்வளவு சிறிய டீசல் எஞ்சின் முக்கால் டன் சுமையை இழுக்கிறது!

மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்ட ஒரு பழைய ஏஸ் வண்டியை எடுத்துக்கொள்வோம். மூன்று லட்சம் கிலோமீட்டர் என்றால் முப்பது கோடி மீட்டர். அதன் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.7 மீட்டர் நகர்கிறது. அப்படியானால் ஒவ்வொரு சக்கரமும் 17 கோடி முறைக்கு மேல் சுற்றியிருக்கிறது. எஞ்சின் அதைவிடப் பல மடங்கு சுற்றியிருக்கும். தேய்மானம் இருக்காதா?

வண்டிக்காரர் இரண்டு குறைகள் சொல்கிறார். நின்ற இடத்தில் எஞ்சின் ஒரே சீராக ஓடுவதில்லை. வேகம் ஏறுகிறது, இறங்குகிறது, சில சமயம் அணைந்தே போகிறது. கூடவே கியர் பெட்டியிலிருந்து கடகடவென்று சத்தம். "கியர் பாக்ஸ் போயிடுச்சுண்ணே, இறக்கிப் பிரிச்சிடலாம்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பிரித்தால் செலவு ஆயிரக்கணக்கில். வண்டி நாள்கணக்கில் பட்டறையில் நிற்கும். அறுவடைக் காலத்தில் வாடகை போய்விடும். கடன் தவணையோ தேதி தவறாமல் வந்து நிற்கும். நோய் கியர் பெட்டியில்தான் என்பது உறுதிதானா?

முதலில் எஞ்சினைப் பார்ப்போம். வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடுவதைப் பட்டறையில் ஐடிலிங் என்பார்கள். அப்போது அது வெளிவேலை எதுவும் செய்வதில்லை. தன் உராய்வை வென்று தன்னைச் சுற்றிக்கொண்டால் போதும். நிமிடத்துக்கு 900 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வோர் உருளையிலும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை எரிபொருள் எரிகிறது. ஆக, ஓர் உருளையில் வினாடிக்கு ஏழரை தடவை. ஒவ்வொரு தடவையும் செலுத்தப்படும் டீசல் ஒரு துளிக்கும் குறைவு. இந்தச் சிறு அளவை யார் அளந்து கொடுக்கிறார்கள்?

பழைய ஏஸில் அந்த வேலையைச் செய்வது எரிபொருள் பம்பும் அதனுடன் இணைந்த கவர்னரும். சுழலும் எடைகள் வேகம் கூடினால் விரிகின்றன, டீசல் குறைகிறது. வேகம் குறைந்தால் எடைகள் சுருங்குகின்றன. வில்சுருள் தள்ளுவதால் டீசல் கூடுகிறது. 1788இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் பொருத்திய அதே தத்துவம்தான்.

டீசல் குழாயில் ஒரு காற்றுக் குமிழி புகுந்துவிட்டதாக எண்ணிப் பாருங்கள். திரவத்தை அமுக்கினால் அது அநேகமாகச் சுருங்காது, காற்றோ சுருங்கிவிடும். பம்பு தரும் அழுத்தமெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே வீணாகி, நாசில் திறக்காமல் போகிறது. வேகம் விழுகிறது. கவர்னர் பதறிப்போய் அதிக டீசல் தருகிறது. அதற்குள் குமிழி போய்விட, வேகம் தேவைக்கு மேல் ஏறுகிறது. கவர்னர் மீண்டும் குறைக்கிறது. இப்படியே ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வருகின்றன. கவர்னர்கள் ஏன் இப்படித் தடுமாறுகின்றன என்பதைக் கணிதத்தால் ஆராய்ந்து 1868இல் கட்டுரை எழுதியவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். ஆம், மின்காந்த அலைகளை முன்கூட்டிச் சொன்ன அதே மேக்ஸ்வெல்தான்!

காற்று எங்கிருந்து வந்தது? இங்கே ஒரு வேடிக்கை உண்டு. தொட்டியிலிருந்து பம்பு வரையுள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்படுகிறது. அதனால் அங்கே விரிசல் இருந்தால் எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே கசியாது. காற்றுதான் உள்ளே நுழையும். தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை, ஆகவே குழாய் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம். நல்ல மெக்கானிக் என்ன செய்வார் தெரியுமா? ஒரு சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, பம்பைவிட உயரத்தில் வைத்து, ஒரு குட்டைக் குழாயால் நேரே பம்புக்குக் கொடுப்பார். எஞ்சின் சீரானால் பம்பு குற்றமற்றது; குற்றவாளி பழைய குழாயோ, அடைத்துக்கொண்ட டீசல் ஃபில்டரோதான். சீராகாவிட்டால் பம்பு, நாசில், உருளை என்று அடுத்த இடத்தில் தேட வேண்டும். ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்துச் சோதிக்கும் இந்த முறையை உங்கள் பள்ளி ஆய்வகத்திலும் செய்திருப்பீர்கள்.

ஓர் உருளை மட்டும் சரியாக வேலை செய்யவில்லையோ என்ற ஐயம் வந்தால், ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்துவார்கள். தளர்த்தியதும் எஞ்சின் துவண்டால் அந்த உருளை உழைத்துக்கொண்டிருந்தது என்று பொருள். எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் சோம்பேறி. இதை நீங்கள் செய்து பார்க்கக் கூடாது. நாசிலிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்துவிடும். அதிலும், பல புதிய வண்டிகளிலுள்ள காமன் ரெயில் அமைப்பில் அழுத்தம் காற்றுமண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் இருக்கும். அவற்றில் மெக்கானிக்கும் இப்படித் தளர்த்தலாகாது.

இனி அந்தக் கடகடச் சத்தம். வண்டி நியூட்ரலில் நிற்கும்போது கியர் பெட்டிக்குள் எல்லாம் ஓய்ந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? இல்லை. கிளட்ச் மிதிக்காதவரை எஞ்சின் உள்ளேயுள்ள பற்சக்கரங்களைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது; விசை மட்டும் சக்கரத்துக்குப் போவதில்லை. பற்களுக்கிடையே மெல்லிய இடைவெளி உண்டு. தேய்ந்த பெட்டியில் அது இன்னும் அதிகம். எஞ்சின் தவறித் தவறி ஓடினால் ஒரு பல் மற்றொன்றை முன்னும் பின்னுமாக மாறி மாறி அறைகிறது. சத்தம் வருவது கியர் பெட்டியில். நோய் இருப்பதோ எஞ்சினில்!

கிளட்சை மிதித்தால் இந்தச் சத்தம் நின்றுவிடும். ஆனால் கியர் பெட்டியின் முன் தண்டிலுள்ள பேரிங் தேய்ந்திருந்தாலும், மிதித்ததும் அதன் சத்தம் நின்றுவிடுமே! இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? கிளட்சை விட்டுவிட்டு, நியூட்ரலிலேயே எஞ்சின் வேகத்தைச் சற்றே கூட்டிப் பாருங்கள். எஞ்சின் தடுமாற்றத்தால் வந்த கடகடப்பு மறைந்துவிடும். பேரிங்கின் சத்தமோ வேகத்தோடு சேர்ந்து ஊளையாக உயரும். மாறாக, மிதிக்கும்போதுதான் சத்தம் தொடங்குகிறது என்றால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

"கியர் சிலிப் ஆகுது" என்பார்கள். பற்சக்கரம் வழுக்க முடியுமா? பல்லும் பல்லும் கோத்திருக்கும்வரை எஞ்சின் சுற்றுக்கும் சக்கரச் சுற்றுக்கும் உள்ள விகிதம் மாறாது. மேட்டில் எஞ்சின் மட்டும் உறுமி, வண்டி நகரவில்லை என்றால் வழுக்குவது உராய்வால் இயங்கும் கிளட்ச் பிளேட்தான். தேய்ந்த பிளேட், தளர்ந்த வில், எண்ணெய்க் கசிவு மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். கியர் தானாகவே நியூட்ரலுக்குத் தாவுவது வேறு நோய்.

கியர் மாற்றும்போது கரகரவென்று அரைத்தால்? ஓடும் பஸ்ஸில் ஏறுகிறவர் அதனுடன் சிறிது தூரம் ஓடி, வேகம் ஒத்துவந்ததும் தொற்றிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள் (நீங்கள் செய்யாதீர்கள்). கியரில் அந்த ஓட்டத்தை ஓடுவது சிங்க்ரோ வளையம். 1928இல் முதன்முதலாகக் காடிலாக் கார்களில் வந்தது. ஏஸில் முன்னோக்கிச் செல்லும் கியர்களுக்கு இது உண்டு, ரிவர்ஸுக்கு இல்லை. ஆகவே வண்டியை நிறுத்தி, கிளட்சை முழுதும் மிதித்து, சில வினாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள் என்பார்கள். அப்போதும் அரைத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை. ரிவர்ஸ் அமைதியாக விழுந்து, ஓட்டத்தில் மூன்றாவது கியர் மட்டும் அரைத்தால் அந்தக் கியரின் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஸ்கேனர் கருவியைச் செருகினால் திரையில் குறியீடு வரும். ஆனால் "டீசல் அழுத்தம் குறைவு" என்று அது சொன்னாலும், காரணம் ஃபில்டரா, குழாயா, பம்பா என்பதை மேலே சொன்னபடிதான் தேட வேண்டும்.

நம் வண்டிக்காரர் பெட்டியைப் பிரிக்கும் முன் செய்யக்கூடிய மலிவான சோதனை இன்னும் ஒன்று இருக்கிறது. கியர் ஆயிலை வடித்து, ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி, காந்தத்தை விட்டுத் துழாவ வேண்டும். காந்தத்தில் மாவு போன்ற இரும்புத் தூள் கொஞ்சம் ஒட்டினால் அது வயதின் தேய்மானம். செதில் செதிலாக எஃகு வந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. காந்தத்தில் ஒட்டாமல் மஞ்சளாக மின்னும் துகள்கள் பித்தளையைச் சேர்ந்தவை. அவை சிங்க்ரோ வளையத்திலிருந்து வந்திருக்கக்கூடும்.