சித்தாள் ஏன் கொத்தனார் ஆவதில்லை?

பத்தாவது, பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் ஆவடி, அம்பத்தூர் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். மார்க் நிறைய வாங்கியிருந்தால் இன்ஜினீயரிங். கொஞ்சம் குறைந்தால் பி.காம். அதற்கும் வசதி இல்லையென்றால் எஸ்டேட்டில் ஏதாவது கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. "கட்டட வேலை கத்துக்கட்டுமே" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பெற்றவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "என் பிள்ளை என்ன மண்ணு சுமக்கவா பொறந்தான்?"

கோபத்தைக் குறை சொல்ல மாட்டேன். 2014 ஜூன் 28 அன்று போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்களே, அதை இந்தப் பக்கத்துத் தாய்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் வேலை கற்றவனுக்குத்தான் சாரம் ஆடுகிறது, முட்டு சரியில்லை என்று தெரியும். ஒன்றும் தெரியாமல் தினக்கூலிக்குப் போகிற பையனுக்கு அது எப்படித் தெரியும்?

கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை சுமார் 26 கிலோமீட்டருக்கு மெட்ரோ பாதை போட்டார்கள். இங்கே நடக்கிற பெரிய வேலைகளில் கம்பி கட்டவும் சென்ட்ரிங் அடிக்கவும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். நம் பிள்ளைகள் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிறார்கள்!

பையன்கள் கதையாவது பரவாயில்லை. நான் எழுத வந்தது பெண்களைப் பற்றி.

எங்கள் வீடு கட்டியபோது வேலைக்கு வந்த ஒரு சித்தாளம்மா, இருபது வருடமாக இதே வேலை என்றார். கலவை எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. பூச்சில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார். ஆனால் கடைசி வரை மணல், ஜல்லி, செங்கல், தண்ணீர்தான். அதே இடத்தில் எடுபிடியாக வந்த பையன் இரண்டு மூன்று வருடத்தில் கரண்டி பிடித்துவிடுகிறான், கூலியும் ஏறுகிறது. மேஸ்திரியிடம் கேட்டேன். "பொம்பளைங்களால சாரத்துல நின்னு வேலை செய்ய முடியாதும்மா" என்றார். அவர் அதைச் சொன்ன நேரத்தில் அந்தம்மா தலையில் பாண்டுச் சட்டியோடு இரண்டாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார்!

பக்கத்துக் கேரளாவில் குடும்பஸ்ரீ பெண்கள் குழுவாகச் சேர்ந்து அஸ்திவாரம் முதல் கூரை வரை வீடே கட்டித் தருகிறார்கள். ரசமட்டமும் தூக்குக்குண்டும் ஆண், பெண் பார்த்தா மட்டம் காட்டுகின்றன?

வேலை நடக்கிற இடத்தில் நம் பெண்ணுக்கு யாரும் கற்றுத் தரப் போவதில்லை. அதனால் அவளுக்குப் பயிற்சியும் சர்ட்டிபிகேட்டும்தான் வழி. அம்பத்தூரில் அரசினர் ஐ.டி.ஐ. இருக்கிறது. பொதுவாக ஐ.டி.ஐ.க்களில் பிளம்பர், வயர்மேன் பிரிவுகளுக்கு எட்டாவது தேறியிருந்தால் போதும். கட்டட வரைபடம் போடும் சிவில் டிராப்ட்ஸ்மேன் படிப்புக்குப் பத்தாவது வேண்டும், இரண்டு வருடம். எந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பம் இப்போது கம்ப்யூட்டர் வழியாகத்தான். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, இலவச பஸ் பாஸ், சைக்கிள், புத்தகம் எல்லாம் உண்டு. ஆறாவது முதல் அரசுப் பள்ளியிலேயே படித்த பெண்ணாக இருந்தால், 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கேட்டுப் பாருங்கள். பையன்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. எல் அண்ட் டி நிறுவனம் காஞ்சிபுரத்தில் கொத்து வேலை, கம்பி வேலை, சென்ட்ரிங் எல்லாம் கற்றுத் தருகிறது.

பதினெட்டு வயதானதும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துவிட வேண்டும். 1994-லேயே தொடங்கியது. பிள்ளைகள் படிப்பு, பிரசவம், விபத்து இவற்றுக்கு உதவி, அறுபது வயதில் பென்ஷன் என்று இருக்கிறது. கார்டு வாங்கி டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்தால் ஆகாது, காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். இதை விட்டுவிட்டு விபத்து நடந்த பிறகு அலைகிறவர்கள் அநேகம்.

ஐ.டி.ஐ.யில் சேரப் பெண்களுக்கு வயது உச்சவரம்பு கிடையாது. எட்டாவது தேறிய முப்பத்தைந்து வயது சித்தாள் கூட விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒரு வருடம் கூலியை விட்டுவிட்டு அவள் எப்படி வகுப்பில் உட்காருவாள்? வீட்டில் அடுப்பு எரிய 750 ரூபாய் காணுமா? வேலை முடிந்து வரும் பெண்களுக்கு மாலை நேர வகுப்பு வைத்து, அந்த நாட்களுக்குக் கூலியில் பாதியாவது கொடுக்க வாரியமோ அரசோ முன்வந்தால், எங்கள் தெருவிலிருந்தே நாலு பேரை நான் அழைத்துப் போவேன்.

- ஒரு வாசகி, திருமுல்லைவாயில்.