புரையேறினால் அலட்சியம் வேண்டாம்

சாப்பிடும்போது புரையேறினால், "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்லித் தலையில் தட்டுவது நம் வழக்கம். எப்போதாவது ஒரு தடவை என்றால் பரவாயில்லை. வீட்டிலுள்ள தாத்தாவுக்கோ பாட்டிக்கோ அடிக்கடி புரையேறினால், "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது.

தொண்டையில் இரண்டு குழாய்கள் உண்டு. முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய். விழுங்கும் நேரத்தில் மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளும்; சோறு உணவுக்குழாயில் இறங்கும். இதை நடத்துபவை மூளையும் நரம்புகளும். கை நடுங்கி, உடல் விறைத்து, நடை தளரும் பார்க்கின்சன் நோயில் நாக்கும் தொண்டைத் தசைகளும்கூட மந்தமாகிவிடுகின்றன. நாளாக ஆக முற்றும் வேறு சில நரம்பு நோய்களிலும் இப்படித்தான். அப்போது தண்ணீரும் சோறும் எச்சிலும் நுரையீரலுக்குள் போய் நிமோனியா காய்ச்சல் வருகிறது. பார்க்கின்சன் நோயாளிகள் பலர் உயிரிழப்பது இதனால்தான்.

இந்நோய் நம் தோட்டத்து மக்களுக்கு அந்நியமானதல்ல. செம்பனை, ரப்பர்த் தோட்டங்களில் புல்லுக்கு அடித்த பாராகுவாட் மருந்துக்கும் பார்க்கின்சன் நோய்க்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. மலேசியா 2002-இல் அதற்குத் தடை அறிவித்து, 2006-இல் தளர்த்தி, 2020 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடை செய்தது. மருந்து அடித்த எல்லாருக்கும் நோய் வரும் என்பதில்லை. ஆனாலும் எத்தனை வருஷம் அடித்தீர்கள் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்: சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் கரகரத்த ஈரக்குரல், வாயோரம் எச்சில் வழிதல், சாப்பிட நெடுநேரம் பிடித்தல், உடல் மெலிதல், அடிக்கடி நெஞ்சுச்சளி. சிலருக்கு இருமலே வராமல் உள்ளே இறங்கிவிடும். ஆகவே இருமல் இல்லையென்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை:

1. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தே ஊட்டுங்கள். படுத்தபடி ஊட்டவே கூடாது. சாப்பிட்டபின் அரைமணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும்.

2. சிறு சிறு வாயாகக் கொடுங்கள். முதல் வாய் இறங்கியபின் அடுத்தது. அந்நேரம் பேச்சும் டிவியும் வேண்டாம்.

3. தண்ணீர்தான் சுலபம் என்று நினைப்போம். தண்ணீரும் தேநீரும் வேகமாக ஓடுவதால் தளர்ந்த தொண்டைக்கு அவைதான் பெரும்பாலும் தொல்லை. ரசஞ்சோறு போல நீரும் பருக்கையும் கலந்தது, கச்சான், காய்ந்த ரொட்டி இவையும் ஆபத்து. எதை எவ்வளவு கெட்டியாகக் கொடுப்பது என்பதை மருத்துவமனையில் கேட்டுச் செய்யுங்கள்.

4. பார்க்கின்சன் மாத்திரையை நேரம் தவறாமல் கொடுங்கள். அது வேலை செய்யும் நேரத்தில் விழுங்குவது சிலருக்குச் சுலபமாகும். கேட்காமல் மாத்திரையைப் பொடி செய்யாதீர்கள்.

5. தினமும் பல்லையும் நாக்கையும் சுத்தம் செய்யுங்கள். வாய் அழுக்கு நுரையீரலுக்குப் போனால் கேடு.

அரசாங்கக் கிளினிக்கில் விவரம் சொல்லிக் கடிதம் வாங்குங்கள். ஜார்ஜ் டவுனிலுள்ள பினாங்குப் பொது மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் பேச்சுப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். "பேசத்தான் வருதே, அங்கே எதுக்கு?" என்று கேட்காதீர்கள். விழுங்குவதைச் சோதித்துப் பழக்குவதும் அவர்கள் வேலைதான். தொண்டை அடைத்து மூச்சோ பேச்சோ வராவிட்டால் தண்ணீர் கொடுக்காதீர்கள். முன்னால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் பலமாகத் தட்டுங்கள். உடனே 999-ஐ அழையுங்கள்.

வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி நம்மை வளர்த்தவர்கள் அவர்கள். அவர்கள் பயமில்லாமல் ஒரு வாய் சோறு சாப்பிட, நாமும் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.